கோபம் எங்கே போய் இறங்குகிறது? வேலையிடத்திலும் வீட்டிலும் உணர்வு நுண்ணறிவு

செபராங் ஜெயா: ஆப்பரேட்டராக இருந்து லைன் லீடராக உயரப் போகிறவர்களுக்குத் தொழிற்சாலைகள் நடத்தும் பயிற்சிகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘இ.கியூ.’. மலாயில் ‘கெசெர்டாசான் எமோசி’ என்பார்கள். தமிழில் உணர்வு நுண்ணறிவு, உணர்வுசார் நுண்ணறிவு, மனவெழுச்சி நுண்ணறிவு என ஆளுக்கொரு விதமாக எழுதப்படுகிறது. பெயர் எதுவாக இருந்தாலும், பயிற்சி முடிந்து வெளியே வரும்போது அது ‘கோபப்படக்கூடாது, சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும்’ என்ற ஒரே அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. இந்தத் துறையை உருவாக்கியவர்கள் சொன்னது அதுவன்று.

அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மூலம் இந்தக் கருத்து கல்வி உலகில் நிலைபெற்றது. பின்னர் அவர்கள் இதை நான்கு திறன்களாகப் பிரித்தனர். தன் உணர்வையும் எதிரில் இருப்பவரின் உணர்வையும் சரியாக அடையாளம் காண்பது முதல் திறன். அந்த உணர்வைச் சிந்தனைக்குத் துணையாகப் பயன்படுத்துவது இரண்டாவது. ஓர் உணர்வு எதிலிருந்து பிறக்கிறது, எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது மூன்றாவது. அதைக் கையாள்வது நான்காவது. கையாளுதல் கடைசியாகத்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்கு என்ன நேர்கிறது என்று தெரியாதவன் எதைக் கட்டுப்படுத்துவான்?

1995இல் டேனியல் கோல்மன் என்ற அறிவியல் செய்தியாளர் எழுதிய நூல் இந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றது. வாழ்க்கையில் வெற்றிபெற ஐ.கியூ.வைவிட இ.கியூ. முக்கியம் என்ற வாசகம் அதன் பிறகே மேலாளர்களின் வாயில் புழங்கத் தொடங்கியது. அந்த வாசகத்துக்கு ஆய்வுலகில் இன்னும் எதிர்ப்பு இருக்கிறது. ஆனால் பயிற்சி வியாபாரம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

செபராங் ஜெயாவுக்கு இந்தப் பேச்சு ஏன் தேவை என்பதற்கு ஊரின் அமைப்பே பதில். 1969இல் தொடங்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970களிலிருந்து உருவாக்கிய நகரியம் இது. பக்கத்தில் பிறை தொழிற்பேட்டை. நடுவில் அரசாங்க மருத்துவமனை, பேரங்காடி, தங்கும் விடுதிகள், வங்கிகள். பாலத்தைக் கடந்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள். செபராங் பிறையின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இந்த இடங்களில் ஆப்பரேட்டர், டெக்னீஷியன், தாதி, செக்யூரிட்டி, காசாளர், லாரி ஓட்டுநர், எச்.ஆர். அதிகாரி என்று பல வேலைகளில் இருக்கிறார்கள். தாத்தா காலத்தில் மண்டோர் ஒருவர், கிராணி ஒருவர், துரை ஒருவர். யாரிடம் எப்படி நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. இன்றைக்கு ஒரே நாளில் மலாய் பேசும் சூப்பர்வைசர், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பும் மேலாளர், சீன வாடிக்கையாளர், வங்காளதேசத் தோழர் என நாலு பேரின் மனநிலையைப் படித்து நடக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஓ.டி. முடிந்த களைப்பில்.

தொல்காப்பியர் சொன்ன ‘தம் இறை’

உணர்வுகளைப் பிரித்து, பெயரிட்டு, அவற்றின் காரணங்களைத் தேடும் வேலை மேற்கிலிருந்து இறக்குமதியான ஒன்று என்று நினைப்பவர்கள் தொல்காப்பியத்தின் பக்கம் ஒருமுறை போய்வரலாம். பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். மெய்ப்பாடு என்றால் உள்ளத்தில் எழும் உணர்வு உடம்பில் வெளிப்படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் தொல்காப்பியர் பட்டியல் போடுகிறார்.

இதைத் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்தவர்கள் பலர். வேலைக்குப் போன பிறகு படித்தால் வேறு மாதிரி இருக்கும். அச்சத்துக்கு அவர் சொல்லும் நான்கு காரணங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய் பிசாசு, காட்டு மிருகம், திருடன். இந்த மூன்றுக்கும் பக்கத்தில் நான்காவதாக நிற்பது தனக்கு மேலே இருக்கும் தலைவன். அழுகையின் காரணங்களில் முதலாவது இளிவு, அதாவது பிறரால் இழிவுபடுத்தப்படுதல். வெகுளிக்கு உரிய நான்கு காரணங்களில் ஒன்று ‘அலை’. வைவதும் அடிப்பதும் என்று அதற்கு உரை சொல்லப்படுகிறது. மேலதிகாரி நாலு பேர் முன்னால் வைகிறார். கேட்பவனுக்கு அச்சம், அழுகை, வெகுளி மூன்றும் ஒரே நேரத்தில் எழுகின்றன. எதைக் காட்டுவது, எதை விழுங்குவது என்று அவன் ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் மூன்றையும் விழுங்குகிறான்.

தோட்டத்தில் அந்த இடம் காலைப் பெரட்டுக் களம். விடியும் முன்பே ஆட்கள் வரிசையாக நிற்க, பெயர் வாசிக்கப்பட்டு, நேற்றைய குறை எல்லார் காதிலும் விழும்படி சொல்லப்படும். தொழிற்சாலையில் அதற்குப் பெயர் ஷிப்ட் பிரீஃபிங். களம் மட்டும் மாறியிருக்கிறது என்று சொல்லும் அளவுக்குச் சில இடங்களில் நடைமுறை அப்படியே தொடர்கிறது.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

உணர்வு என்றால் தனிமனிதர் விவகாரம், சம்பளம், சங்கம், போராட்டம் எல்லாம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். மலாயாத் தமிழர் வரலாற்றில் அந்தப் பிரிவினை நிற்காது. 1941இல் சிலாங்கூரில், குறிப்பாகக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தவர். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது, பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரையையோ தோட்ட அதிகாரியையோ வழியில் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அது.

கூலி உயர்வுக்கு ஒரு கணக்கு உண்டு. சைக்கிளைவிட்டு இறங்குவதற்குக் காசுக் கணக்கு எதுவும் இல்லை. இருந்தும் அது கோரிக்கைப் பட்டியலில் ஏறியது. ஒவ்வொரு நாளும் விழுங்கிய இளிவு ஒரு கட்டத்தில் தொண்டையில் நின்றதால்தான் ஏறியது. நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரது கைதைத் தொடர்ந்து பரவிய வேலைநிறுத்தத்தை அடக்கப் படை இறக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ‘உணர்ச்சிவசப்பட்டார்கள்’ என்று இதை ஒதுக்க முடியாது. தங்கள் உணர்வுக்குச் சரியான பெயர் வைத்து, அதன் காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரு வரியில் எழுதிக் கொடுத்தார்கள். சலோவேயும் மேயரும் சொல்லும் முதல் மூன்று திறன்களும் அதில் இருக்கின்றன.

பெயர் வைக்க வழியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டபோது கிராமத்திலிருந்து வந்த இளம் பெண்கள், பெரும்பாலும் மலாய்ப் பெண்கள், நாள் முழுவதும் நுண்ணோக்கியில் கண்வைத்து வேலை செய்தார்கள். திடீரென ஒருத்தி அலறுவாள். பேய் பிடித்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்களும் அலறுவார்கள். 1978இல் சுங்கை வேயில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஆலையில் ஏறத்தாழ 120 பேர் இப்படிப் பாதிக்கப்பட, ஆலை மூன்று நாள் மூடப்பட்டு, போமோ வரவழைக்கப்பட்டு ஆடு பலியிடப்பட்டது. பினாங்குத் தொழிற்சாலைகளும் இத்தகைய சம்பவங்களைக் கண்டவை. பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆலையின் கண்டிப்புக்கும் ஆண் மேலாளர்களின் அதிகாரத்துக்கும் எதிராக நேரடியாகப் பேச முடியாத பெண்களின் எதிர்ப்பு பேயின் குரலில் வெளிவந்தது என்பது அவர் முடிவு. நிர்வாகங்களோ அதை ‘ஹிஸ்டீரியா’ என்று மருத்துவக் கணக்கில் எழுதி, மாத்திரை கொடுத்தன.

அச்சத்தின் காரணங்களில் அணங்கையும் தம் இறையையும் தொல்காப்பியர் ஒரே பட்டியலில் வைத்தது இங்கே நினைவுக்கு வருகிறது. இரண்டாவதைப் பற்றி வாய்திறக்க முடியாதபோது முதலாவது வந்து பேசியிருக்கிறது.

செல்லும் இடமும் செல்லாத இடமும்

சினத்தைப் பற்றித் திருக்குறள் சொல்வதைப் பலர் ‘கோபம் கூடாது’ என்ற பொதுவான புத்திமதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள் சொல்வது அதைவிட நுட்பமானது. தன் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அதைத் தடுப்பவன்தான் சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் தடுத்தால் என்ன, தடுக்காவிட்டால் என்ன என்கிறார் வள்ளுவர்.

இதை ஒரு சாதாரண வேலை நாளில் வைத்துப் பார்க்கலாம். தலைமையகத்திலிருந்து மேலாளருக்கு ஒரு கடுமையான அழைப்பு. அவரால் அங்கே எதிர்த்துப் பேச முடியாது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கத்துகிறார். சூப்பர்வைசர் லைனுக்கு வந்து ஆப்பரேட்டரை வைகிறார். ஆப்பரேட்டர் ‘யெஸ் பாஸ்’ என்று தலையாட்டிவிட்டு, பாலத்து நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டி, வீட்டுக்கு வந்து, சோறு ஆறியிருக்கிறது என்று மனைவியிடம் சீறுகிறார். மனைவி, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையின் மேல் ரோத்தானை எடுக்கிறார். ஒவ்வொருவரும் தம் கோபம் பலிக்காத இடத்தில் அடக்கமாக இருந்து, பலிக்கும் இடத்தில் அவிழ்த்துவிடுகிறார்கள். இந்தச் சங்கிலியில் உள்ள எல்லாரும் தங்களைப் பொறுமைசாலி என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

குறளின் அளவுகோலை வைத்தால் ஆப்பரேட்டர் சூப்பர்வைசரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது கணக்கில் வராது. அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்ன செய்தார் என்பதே கணக்கு. அதேபோல் மேலாளர் தலைமையகத்திடம் பணிவாகப் பேசியதும் கணக்கில் வராது. பொருட்பாலில், ஆட்சி செய்கிறவனுக்கு உரிய பகுதியில், குடிகள் அஞ்சும்படி நடந்துகொள்ளக்கூடாது என்பதற்கென்றே வெருவந்த செய்யாமை என்று ஓர் அதிகாரமும் அதற்கு அடுத்ததாகக் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரமும் இருக்கின்றன. அதிகாரம் உள்ளவனிடமே அதிகக் கட்டுப்பாடு எதிர்பார்க்கப்படுகிறது. இன்றைய பயிற்சித் திட்டங்கள் பல இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்குப் பொறுமை வகுப்பு. அவளைக் கத்தும் அதிகாரிக்கு லீடர்ஷிப் வகுப்பு.

புன்னகைக்குச் சம்பளம்

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் எழுதிய நூல் இந்தப் புன்னகையின் விலையைப் பற்றியது. விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். முன்னவர்கள் எந்நேரமும் இனிமையாக இருக்க வேண்டும். பின்னவர்கள் கடுமையாக இருக்க வேண்டும். இருவருமே தம் உணர்வை முதலாளியின் தேவைக்கு ஏற்ப வளைத்துக் கொடுக்கிறார்கள். அதுவும் உழைப்புதான் என்றார் அவர். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நடிப்பது மேலோட்டமான நடிப்பு. உள்ளேயே அந்த உணர்வை வரவழைத்துக்கொள்வது ஆழ்ந்த நடிப்பு. முதல் வகை நாளடைவில் ஆளைச் சோர்வடையச் செய்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின.

செபராங் ஜெயாவில் இந்த உழைப்பைச் செய்பவர்கள் ஏராளம். மருத்துவமனைப் பதிவு முகப்பில் இருப்பவர், அவசரப் பிரிவுத் தாதி, பேரங்காடிக் காசாளர், வீடமைப்புப் பகுதியின் பாதுகாவலர், உணவகத்தில் ‘ஆனே’ என்று எல்லா இனத்தவரும் கூப்பிடும் அண்ணன். அந்தக் கடைக்கார அண்ணனின் திறமை தனியாகக் குறிப்பிட வேண்டியது. எந்த மேசையில் அவசரம், யாருக்குப் பேச்சுத் துணை வேண்டும், யாரிடம் பில்லை மட்டும் நீட்ட வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். குறிப்பறிதல் என்று வள்ளுவர் இரண்டு இடத்தில், அரசவைக்கு ஒன்றும் காதலுக்கு ஒன்றுமாக, ஒரே பெயரில் இரண்டு அதிகாரம் எழுதியது வெறும் தற்செயலாக இருக்காது. இரண்டு இடத்துக்கும் வேண்டிய திறன் ஒன்றுதான்.

‘டென்ஷன்’ விழுங்கிய சொற்கள்

உணர்வை அடக்குவதற்கும் மாற்றிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ். ஒரு விரும்பத்தகாத காட்சியைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் முகம் அமைதியாக இருந்தது, ஆனால் உடம்பின் படபடப்பு குறையவில்லை. அந்தக் காட்சியையே வேறு கோணத்தில் எண்ணிப் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு உள்ளே எழும் உணர்வே குறைந்தது. ‘என்னை அவமானப்படுத்தவே இப்படிச் செய்கிறான்’ என்பதற்குப் பதிலாக ‘இன்றைக்கு இவனுக்கும் மேலேயிருந்து அடி விழுந்திருக்கும்’ என்று எண்ணுவது அந்த வகை. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. தினமும் வேண்டுமென்றே இழிவுபடுத்துகிறவரைப் பற்றி நல்லவிதமாக எண்ணிக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். அங்கே வேண்டியது புகார் மனு.

இன்னொரு கண்டுபிடிப்பு இன்னும் எளிமையானது. 2007இல் மாத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்வுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிந்தது. பெயர் வைப்பதே பாதி வைத்தியம் என்று சொல்லலாம்.

இந்த விஷயத்தில் தமிழ் பேசுகிறவர்களிடம் பெரிய சொத்து இருக்கிறது. எரிச்சல், சலிப்பு, சினம், ஆத்திரம், ஆற்றாமை, மனத்தாங்கல், மனக்கசப்பு, ரோஷம், வீம்பு, வெறுப்பு, பொருமல், குமுறல். ஒவ்வொன்றும் வேறு. மனத்தாங்கல் நெருங்கியவரிடம் மட்டுமே வரும்; முன்பின் தெரியாதவரிடம் யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை. ஆற்றாமை என்பது எதுவும் செய்ய முடியாத நிலையில் வருவது. ரோஷம் தன்மானத்தில் அடிபட்டால் வருவது. இவற்றையெல்லாம் இப்போது ‘டென்ஷன்’, ‘ஸ்ட்ரெஸ்’, ‘மூட் இல்ல’ ஆகிய மூன்று சொற்கள் விழுங்கிவிட்டன. டென்ஷன் என்று மட்டும் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. மனத்தாங்கல் என்று தெரிந்தால் அந்த ஆளிடம் போய்ப் பேசலாம். ஆற்றாமை என்று தெரிந்தால் உதவி கேட்கலாம். களைப்பு என்று தெரிந்தால் தூங்கலாம்.

தூக்கம் இங்கே சின்ன விஷயமல்ல. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பகலும் இரவும் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் உள்ள ஊர் இது. தூக்கம் கெட்டவர்களின் மூளை, வேண்டாத காட்சிகளுக்கு மற்றவர்களைவிட மிகக் கடுமையாக எதிர்வினை காட்டுவதாக 2007இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் காலை எட்டு மணிக்கு வீட்டுக் கடன் பற்றிப் பேசத் தொடங்கினால் அது சண்டையில் முடிவதற்கு இருவரின் குணத்தையும் குறை சொல்லத் தேவையில்லை. சில குடும்பங்கள் பணம், பிள்ளை, மாமியார் ஆகிய மூன்றையும் ஓய்வு நாளுக்குத் தள்ளி வைத்துவிடுகின்றன. கேட்பதற்கு அற்பமாகத் தெரியும் இந்த ஏற்பாடு பல சண்டைகளைத் தவிர்க்கக்கூடியது.

கோபத்தில் எழுதிய ராஜினாமா

வேலையிடத்துக் கோபம் பணமாக மாறும் இடம் ஒன்று உண்டு. சூப்பர்வைசர் வைதார் என்பதற்காக அன்றைக்கே கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவது. ‘மானம் போன பிறகு என்ன வேலை’ என்று வீட்டிலும் சொல்வார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். தராமல் நின்றால் அந்தக் காலத்துச் சம்பளத்தை முதலாளிக்குக் கட்ட நேரிடும். அனுமதியும் தகவலும் தக்க காரணமும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால் தொழிலாளியே ஒப்பந்தத்தை முறித்ததாகக் கருதப்படுவார்.

மாறாக, நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுச் செய்யலாம். முதலாளியின் நடத்தை தாங்க முடியாததாகி வேலையைவிட்டுப் போகத் தள்ளப்பட்டவர்களும் இந்த வழியை நாடலாம், ஆனால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க நாள், நேரம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் பெயர், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வேண்டும். கோபம் வந்த அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதி வைப்பவருக்கு இரண்டு பலன்: மனம் ஆறுகிறது, கையில் சான்றும் இருக்கிறது. ராஜினாமா கடிதத்தை இரண்டு இரவு தூங்கிய பிறகு எழுதினாலும் அதே கடிதம்தான்.

பகடிவதைக்கு இப்போது குற்றவியல் சட்டமும் பிடி கொடுக்கிறது. தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை சேர்க்கப்பட்ட பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. மிரட்டல், இழிவுபடுத்தல், துன்புறுத்தல் ஆகியவற்றை அவை குற்றமாக்குகின்றன. மருத்துவத் துறையில் 2022 ஏப்ரலில் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் இறந்ததைத் தொடர்ந்து பகடிவதை பற்றிய விவாதம் நாடு முழுவதும் எழுந்து, சுகாதார அமைச்சு வேலைக் கலாச்சாரத்தை மேம்படுத்த ஒரு சிறப்புப் பணிக்குழுவை அமைத்தது. படித்தவர்கள், உயிர்காக்கும் தொழிலில் இருப்பவர்கள் மத்தியிலேயே மேலிருந்து கீழே கத்தும் வழக்கம் ‘பயிற்சி’ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறதா என்ற கேள்வி அப்போது பகிரங்கமாகக் கேட்கப்பட்டது. ‘எங்களையும் இப்படித்தான் வளர்த்தார்கள்’ என்ற பதில் மருத்துவமனைக்கு மட்டும் சொந்தமானதல்ல. தோட்டத்து மண்டோரும் அதையே சொல்லியிருப்பார்.

வீட்டுக்குள்

பெண்களின் நிலை இதில் வேறு. வேலைக்குப் போய்வரும் மனைவி வீட்டில் சமையல், பிள்ளை, முதியவர் என்று செய்யும் வேலையை ஹோக்ஷீல்ட் தன் இன்னொரு நூலில் இரண்டாவது ஷிப்ட் என்று அழைத்தார். அதற்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை இருக்கிறது: யார் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அப்பா வருகிறார், டிவி சத்தத்தைக் குறை. மாமியார் மனம் கோணியிருக்கிறது, நீ போய்ப் பேசு. இதைச் செய்பவரை ‘குடும்பத்தை அனுசரித்துப் போகிறவள்’ என்று பாராட்டுவார்கள். அவருக்கே மனத்தாங்கல் வந்தால் யார் சத்தத்தைக் குறைப்பார்கள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது.

ஆண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே அழுகை தடை. தொல்காப்பியர் எட்டில் ஒன்றாக வைத்ததை ஆம்பளைப் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் மிச்சம் இருக்கும் ஏழில் எளிதாகக் கைக்கு வருவது வெகுளி. துக்கம், வெட்கம், பயம் எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாக வெளியே வருகின்றன. அப்பா தன் பிள்ளை முன்னால் ‘இன்றைக்கு வேலையில் என்னைத் திட்டிவிட்டார்கள், மனசு கஷ்டமாக இருக்கிறது’ என்று ஒருமுறை சொன்னால், அந்தப் பிள்ளைக்குத் தன் உணர்வைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கிறது. பள்ளி ஆலோசகர் நடத்தும் பல வகுப்புகளைவிட அது ஆழமாக இறங்கும்.

எல்லாவற்றையும் தனிமனிதத் திறமையால் சமாளித்துவிட முடியாது. 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ பத்து லட்சம் பேர், மனச்சோர்வு நோயோடு வாழ்கிறார்கள். 2019இல் இந்த விகிதம் 2.3ஆக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தொடர்ந்தால் அது கோபமோ சோம்பலோ அல்ல, மருத்துவம் தேவைப்படும் நிலை. நம்மவர்களில் பலர் முதலில் கோயிலுக்கும் பிறகு ஜோசியரிடமும் போய்விட்டுக் கடைசியாகவே கிளினிக்குக்குப் போகிறார்கள். கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை; அதே வாரத்தில் கிளினிக்குக்கும் போகலாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள்.

தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309ஆவது பிரிவு 2023இல் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே மறைத்து வைக்கும் பழக்கம் தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்தது. அந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. பேச ஆள் தேவைப்படுகிறவர்கள் சுகாதார அமைச்சின் ஹீல் சேவையை 15555 என்ற எண்ணிலும், குடும்ப வன்முறை உள்ளிட்ட சிக்கல்களுக்கு தாலியான் காசே சேவையை 15999 என்ற எண்ணிலும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புகிறவர்கள், தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று அழைப்பின் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.